ஒரே ஜெபப்புத்தகம், வேறு வேறு விசுவாசம்: ஆங்கிலிக்கன் குருக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே சபையின் குருக்கள் ஏன் இவ்வளவு வேறுபட்டு நம்புகிறார்கள்?

ஆங்கிலிக்கன் சபைகளின் தாயான இங்கிலாந்துத் திருச்சபையை வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் வரும் முதல் குழப்பம் இது. ஓர் ஆலயத்தில் தூபம் எழும்புகிறது, மரியாளின் சுரூபத்துக்கு முன் மெழுகுவர்த்தி எரிகிறது, நற்கருணை அப்பத்தில் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்று குருவானவர் போதிக்கிறார். அதே ஊரில் அடுத்த தெருவில் இன்னோர் ஆலயம். அங்கே குருவானவர் அங்கிகூடப் போடவில்லை. கையில் திறந்த வேதாகமம், நீண்ட பிரசங்கம், திருவிருந்து என்றால் நினைவுகூருதல். இரண்டு பேருக்கும் தலையில் கைவைத்து அபிஷேகம் செய்தவர் ஒரே பேராயராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, அவர் எந்தச் சபைப் பாரம்பரியத்தில் வளர்ந்து எங்கே பயிற்சி பெற்றார் என்பது. மற்றது, இயல்பிலேயே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது. முதலாவதைப் பற்றி இருநூறு ஆண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டாவதை அளந்து பார்க்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியிருக்கலாம், அவ்வளவுதான்.

பாரம்பரியம் என்றால் என்ன? எத்தனை உண்டு?

பெரிய கோடாகப் போட்டால் மூன்று: ஆங்கிலோ-கத்தோலிக்கர், இவாஞ்சலிக்கல்கள், நடுவில் நிற்கும் விரிந்த சபையார்.

இவாஞ்சலிக்கல்கள் தனிமனித மனமாற்றம், சிலுவை, வேத அதிகாரம் ஆகியவற்றை முன்வைப்பவர்கள். 1782-ல் கேம்பிரிட்ஜின் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்கு வந்த சார்லஸ் சிமியோன் இவர்களுக்கு முன்னோடி. அவரை ஏற்காத சபையார் தங்கள் இருக்கைகளின் கதவுகளைப் பூட்டிவிட்டுப் போய்விட, பிரசங்கம் கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள். அவரோ அசையவில்லை. 1836-ல் சாகும்வரை அதே ஆலயத்தில் இருந்தார்.

ஆங்கிலோ-கத்தோலிக்கம் 1833 ஜூலை 14 அன்று ஆக்ஸ்போர்டில் ஜான் கீபிள் நிகழ்த்திய பிரசங்கத்தோடு தொடங்கியதாக எண்ணுவது வழக்கம். சபை என்பது அரசாங்கத்தின் ஓர் இலாகா இல்லை, அப்போஸ்தலரிலிருந்து தொடர்ந்து வரும் சரீரம் என்பது அவர்கள் வாதம். கீபிள், பியூசி, நியூமன் முதலியோர் எழுதிய துண்டு நூல்கள் 90 வரை வந்தன. நியூமன் 1845-ல் ரோமுக்கே, அதாவது ரோமன் கத்தோலிக்கச் சபைக்கே, போய்விட்டார். கீபிளும் பியூசியும் இங்கேயே தங்கினார்கள்.

விரிந்த சபையாருக்கு இப்படி ஒரு பிறந்தநாள் இல்லை. 1860-ல் ஏழு பேர் சேர்ந்து வேதத்தை மற்ற நூல்களைப்போல ஆராய்ந்து வாசிக்கலாம் என்று ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார்கள். அவர்களில் இருவர்மேல் வழக்குப் பாய்ந்தது. 1864-ல், மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அவர்களை விடுவித்தது. நரகத்தின் முடிவில்லாத தண்டனையை மறுப்பது குற்றமில்லை என்று வந்த அந்தத் தீர்ப்பைக் கேட்டவர்கள், தீர்ப்பு வழங்கிய லார்டு சான்சலர் நரகத்தையே செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்துவிட்டார் என்று கேலி பேசினார்கள். அந்த எழுவரில் ஒருவரான பிரெடெரிக் டெம்பிள் பின்னாளில் கான்டர்பரி தலைமைப் பேராயர் ஆனார்.

இந்த மூன்றுக்கும் குறுக்கே ஓடுவது, பரிசுத்த ஆவியின் வரங்களை முன்வைக்கும் கரிஸ்மாட்டிக் நீரோட்டம். 1960-களிலிருந்து இது எல்லாப் பக்கமும் கசிந்திருக்கிறது, இவாஞ்சலிக்கல்களிடம் அதிகமாக.

இதெல்லாம் அங்கி, மெழுகுவர்த்தி பற்றிய ரசனைச் சண்டைதானே?

இல்லை. 1847-ல் எக்சிட்டர் பேராயர் ஹென்றி பில்பாட்ஸ், ஜார்ஜ் கோரம் என்ற குருவை ஒரு கிராமச் சேகரத்தில் நியமிக்கும் முன் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் விசாரித்தார். ஒரே விஷயம்தான்: ஞானஸ்நானத்தின்போதே குழந்தை ஆவிக்குரிய புதுப்பிறப்பு அடைகிறதா? நிச்சயமாக அப்படிச் சொல்ல முடியாது என்றார் கோரம். நியமனம் மறுக்கப்பட்டது. வழக்கு பிரிவி கவுன்சில்வரை போய் 1850-ல் கோரம் ஜெயித்தார். சபையின் உபதேசத்தை அரசு நீதிமன்றம் முடிவு செய்வதா என்று கொதித்த குரு ஹென்றி மேனிங் அடுத்த ஆண்டு ரோமில் சேர்ந்து, பிறகு கர்தினால் ஆனார்.

மெழுகுவர்த்திக்குப் பின்னாலும் உபதேசம்தான் இருந்தது. 1874-ல் ஆராதனையை ஒழுங்குபடுத்தவென்று பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தூபம், திருவுடை, பாத்திரத்தில் ரசத்தோடு தண்ணீர் கலப்பது போன்ற காரியங்களில் நீதிமன்றத்துக்குப் பணிய மறுத்ததற்காக ஐந்து குருக்கள் சிறைக்குப் போனார்கள். 1877-ல் முதலில் போனவர் ஆர்தர் டூத். ரசனைக்காக யாரும் கம்பி எண்ணப் போவதில்லை.

ஒரு குரு எதை நம்பியாக வேண்டும் என்று சட்டம் இல்லையா?

உண்டு, ஆனால் தளர்வானது. 1571-ல் தொடங்கி குருக்கள் சபையின் உபதேசத்தைத் தொகுத்த 39 பிரமாணங்களுக்குக் கையெழுத்திட வேண்டியிருந்தது. 1865-ல் அந்தச் சத்தியத்தின் வாசகம் இளக்கப்பட்டது. 1975 முதல் இருக்கும் உறுதிமொழியில், வேதத்திலும் விசுவாசப் பிரமாணங்களிலும் உள்ள விசுவாசத்தை ஏற்பதாகச் சொல்கிறார்கள். அந்த 39 பிரமாணங்களும் 1662 ஜெபப்புத்தகமும் அந்த விசுவாசத்துக்குச் சாட்சியாக நிற்பவை என்ற அளவில் வருகின்றன. வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி இது என்பது என் கணிப்பு. அந்த இடைவெளியில்தான் பாரம்பரியமும் ஆளுமையும் வந்து உட்காருகின்றன.

ஆளுமை என்று இங்கே எதைச் சொல்கிறார்கள்?

நல்ல குணம், கெட்ட குணம் என்ற பொருளில் இல்லை. சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் முன்வைத்த உளவகைக் கோட்பாடுதான் இந்தத் துறையில் அதிகம் புழங்குவது. யுங்கின் தகப்பனாரே ஒரு சீர்திருத்தச் சபைப் போதகர். மகனுக்கு மதத்தின்மேல் வாழ்நாள் முழுக்க இருந்த தீராத ஈர்ப்புக்கும் எரிச்சலுக்கும் அந்த வீடுதான் ஊற்று.

அமெரிக்காவின் கேத்ரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் இதைக் கேள்வித்தாளாக்கினார்கள். நான்கு இணைகள் அதில் உண்டு. பலம் பெறுவது தனிமையிலா, கூட்டத்திலா என்பது அகமுகம்–புறமுகம். கண்ணுக்கு முன் இருக்கும் விவரத்தை முதலில் பிடிப்பவர் புலனறிவுக்காரர், விவரங்களுக்குப் பின்னால் இருக்கும் தொடர்பையும் சாத்தியத்தையும் பிடிப்பவர் உள்ளுணர்வுக்காரர். முடிவெடுக்கும்போது நியாயத்தை முதலில் பார்ப்பது சிந்தனை வகை, மனிதர்களையும் உறவையும் முதலில் பார்ப்பது உணர்வு வகை. கடைசியாக, திட்டமிட்டு முடித்து வைக்க விரும்புகிறவர்கள் ஒழுங்கு வகை, திறந்தே வைத்திருக்க விரும்புகிறவர்கள் நெகிழ்வு வகை. இந்த நான்காவது இணையைத் தனியாகச் சேர்த்தவர்கள் தாயும் மகளும்தான்.

இதைக் குருக்களிடம் யார் ஆராய்ந்தார்கள்?

முக்கியமாக இரண்டு பேர், இருவருமே ஆங்கிலிக்கன் குருக்கள். லெஸ்லி பிரான்சிஸ் 1970-களிலிருந்து இதே வேலையாக இருப்பவர். மையர்ஸ்-பிரிக்ஸ் தாளுக்குப் பதிலாக, பெரிய அளவில் தபாலில் அனுப்பி ஆய்வு செய்ய ஏற்ற ஓர் அளவுகோலை 2005-ல் வெளியிட்டார். யார்க் செயின்ட் ஜான் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வில்லேஜ் மற்றவர். இவர் முதலில் பறவை ஆய்வாளர். கெஸ்ட்ரல் என்ற சிறு வேட்டைப் பறவையைப் பற்றி 1990-ல் அவர் எழுதிய நூல் இன்றும் அந்தத் துறையில் மதிக்கப்படுகிறது. கூடுகளை எண்ணிய கை பிறகு குருக்களை எண்ணியது.

குருக்கள் மற்றவர்களிலிருந்து இயல்பில் வேறுபடுகிறார்களா?

ஆம், கண்ணில் படும் அளவுக்கு. 2007-ல் பிரான்சிஸ் குழுவினர் இங்கிலாந்தில் 626 ஆண் குருக்களையும் 237 பெண் குருக்களையும் வைத்து வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இரு பாலாரிலும் அகமுகத்தார் பாதிக்கு மேல். பத்தில் ஆறு பேருக்கு மேல் உள்ளுணர்வு வகை. பிரிட்டனின் பொதுமக்களிலோ நாலில் மூன்று பேர் புலனறிவுப் பக்கம். ஆலயத்துக்கு வருகிறவர்களிலும் புலனறிவுதான் மேலோங்கி நிற்கிறது.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிரசங்க பீடத்தில் நிற்பவர் "இந்த உவமை நமக்கு எத்தனை விதமாகத் திறக்கிறது!" என்று பரவசப்படுகிறார். கீழே இருப்பவர்களில் பெரும்பாலோர் "சரி ஐயா, நாங்கள் திங்கட்கிழமை என்ன செய்யட்டும்?" என்று காத்திருக்கிறார்கள். பல சேகரங்களில் குருவுக்கும் சபைக்கும் நடக்கும் உரசலில் பாதி உபதேசம் சம்பந்தப்பட்டதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பிரிட்டன் ஆண்களில் உணர்வு வகை மூன்றில் ஒருவர் அளவே, ஆண் குருக்களில் அது பாதியைத் தாண்டுகிறது. குருத்துவத்துக்குப் படிக்கும் ஆண்களின் ஆளுமை அளவீடு பெண்களின் சராசரியை நோக்கிச் சாய்கிறது என்று வேறொரு அளவுகோலை வைத்து 1991-லேயே பிரான்சிஸ் எழுதியிருந்தார். ஆறுதல் சொல்வதும் நோயாளியைச் சந்திப்பதும் சமாதானம் பண்ணுவதுமே அன்றாடமாக இருக்கும் வேலைக்கு இப்படிப்பட்டவர்கள் வருவதில் வியப்பென்ன?

சரி, இயல்பு எப்படி நம்பிக்கையைத் தொடும்? நம்பிக்கை வேதத்திலிருந்து வருவதல்லவா?

வேதத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் வேதத்தை வாசிக்கிறவர் ஒரு மனிதர்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம், ஐயாயிரம் பேருக்கு உணவளித்த சம்பவம். புலனறிவுக்காரர் அந்த இடத்துக்கே போய்விடுவார். ஐந்து அப்பம், இரண்டு மீன், பசும்புல், நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் வரிசை, மிஞ்சியது பன்னிரண்டு கூடை. நடந்தது நடந்தபடி. உள்ளுணர்வுக்காரருக்கு அதே வரிகளில் வனாந்தரத்து மன்னா தெரியும், "எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டு, கொடுத்து" என்ற வினைகளில் கடைசி இராப்போஜனம் தெரியும். கூடைகள் இஸ்ரவேலின் கோத்திரங்களாகிவிடும். உணர்வு வகையினர் மேய்ப்பனில்லாத ஆடுகள்மேல் மனதுருகினார் என்ற சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். சிந்தனை வகையினரைக் குடைவது வேறு: இயற்கை விதியை மீறும் கடவுள் ஏன் இங்கே மீறினார், இன்று பஞ்சத்தில் சாகிறவர்களுக்கு ஏன் மீறவில்லை?

இந்த நாலு பேரில் அற்புதம் அப்படியே நிகழ்ந்தது என்று சொல்ல முதலில் கை தூக்குபவர் யார் என்று ஊகிப்பது கடினமில்லை. வில்லேஜின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்ததும் இதுதான்: புலனறிவு வகையினர், அதிலும் ஒழுங்கு வகையோடு சேர்ந்தவர்கள், வேதத்தை நேர்பொருளில் எடுத்துக்கொள்ளவும் பழைய உபதேசத்தைக் காக்கவும் சாய்கிறார்கள். உள்ளுணர்வு வகையினர் உருவகமாக வாசிக்கவும் புதிய விளக்கத்தை வரவேற்கவும் சாய்கிறார்கள்.

"சாய்கிறார்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இவை சராசரிகள். பழைமைவாத உள்ளுணர்வுக்காரர்களும் தாராளவாதப் புலனறிவுக்காரர்களும் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.

பாரம்பரியம், ஆளுமை இரண்டில் எது பெரியது?

பாரம்பரியம். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

சபை வளர்ச்சி ஆய்வுத் திட்டத்துக்காக 2013-ல் திரட்டிய தரவிலிருந்து 1,389 குருக்களை எடுத்து வில்லேஜ் ஆராய்ந்தார். தாராளவாதி யார், பழைமைவாதி யார் என்பதை முதலில் பிரித்துக் காட்டியது சபைப் பாரம்பரியமே: இவாஞ்சலிக்கல்கள் பழைமைப் பக்கம், ஆங்கிலோ-கத்தோலிக்கர் பொதுவாகத் தாராளப் பக்கம். அதற்குப் பிறகும், ஒரே பாரம்பரியத்துக்கு உள்ளேயே, உளவகை ஒரு சிறு சாய்வை உண்டாக்கியது. அதாவது ஒருவர் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பதைப் பாரம்பரியம் சொல்கிறது. அந்த வீட்டில் திண்ணையிலா, பூஜையறையிலா, வாசற்படியிலா என்று சொல்வது இயல்பு.

ஆங்கிலோ-கத்தோலிக்கர் தாராளவாதிகள் என்று படித்ததும் சிலர் முகம் சுளிப்பார்கள். தூபமும் பாவசங்கீர்த்தனமும் வைத்திருப்பவர்களா தாராளவாதிகள்? இங்கேதான் ஒரே கோட்டில் எல்லாரையும் நிறுத்தும் வழக்கம் உதவாமல் போகிறது. நற்கருணை, அப்போஸ்தலப் பரம்பரை விஷயத்தில் அவர்கள் இவாஞ்சலிக்கல்களைவிடப் பழைமையானவர்கள். பாலியல் ஒழுக்கம், வேத விமர்சனம் என்று வந்தால் பலர் நேர் எதிர். போதாததற்கு அவர்களே இரண்டாகப் பிளந்தவர்கள். பெண் குருத்துவத்தை ஏற்றவர்கள் 1990-ல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள், பின்னாள் தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் அதைச் சேர்ந்தவர். ஏற்காதவர்கள் 1992-ல் வேறோர் அமைப்பாகத் திரண்டார்கள். ஒரே திருவுடை, ஒரே தூபம், எதிரெதிர் முடிவு.

ஒருவேளை இயல்புதான் பாரம்பரியத்தையே தேர்ந்தெடுக்கிறதோ?

நல்ல கேள்வி. இந்தத் துறையின் சிக்கலே இதுதான்.

இங்கிலாந்தில் குருத்துவ மாணவர் தன் இறையியல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பங்கு அவருக்கே உண்டு. ஆங்கிலோ-கத்தோலிக்கம் வேண்டுமா? ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஸ்டீபன்ஸ் ஹவுஸ், யார்க்‌ஷயரில் மிர்ஃபீல்டு. இவாஞ்சலிக்கலா? ஆக்ஸ்போர்டில் விக்ளிஃப் ஹால், கேம்பிரிட்ஜில் ரிட்லி ஹால், இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் லண்டனில் ஓக் ஹில். நடுவழியா? கேம்பிரிட்ஜின் வெஸ்ட்காட் ஹவுஸ், ஆக்ஸ்போர்டு அருகே கட்ஸ்டன். மௌனத்தையும் சடங்கையும் மர்மத்தையும் தேடும் ஓர் அகமுக இளைஞர் மிர்ஃபீல்டின் துறவியர் மடத்துச் சூழலில் போய் உட்காருவதும், தெளிவான வசனத்தையும் தெளிவான பயன்பாட்டையும் தேடும் ஒருவர் ஓக் ஹில் போவதும் தற்செயலா? உள்ளுணர்வு வகையினர் ஆங்கிலோ-கத்தோலிக்கரிடம் சற்றே அதிகமாகவும் புலனறிவு வகையினர் இவாஞ்சலிக்கல்களிடம் சற்றே அதிகமாகவும் காணப்படுவது இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது.

ஆனால் இதையே முழு விடையாக வைத்துக்கொள்ளவும் முடியாது. பலர் எந்த ஆலயத்தில் மனந்திரும்பினார்களோ அந்தப் பாரம்பரியத்திலேயே தங்கிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நண்பன் ஒருவன் கூட்டத்துக்கு அழைத்ததில் இவாஞ்சலிக்கல் ஆனவருக்கு, அந்த நண்பன் வேறொருவனாக இருந்திருந்தால் வாழ்க்கை வேறு.

சபையின் அமைப்பும் பாரம்பரியத்தைக் கட்டிக் காக்கிறது. சேகரத்துக்குக் குருவை முன்மொழியும் உரிமை பல இடங்களில் பேராயரிடம் இல்லை, தனி அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. முன்சொன்ன சார்லஸ் சிமியோன் தமக்கு வந்த சொத்தையும் நண்பர்களின் பணத்தையும் போட்டு இந்த உரிமைகளை விலைக்கு வாங்கி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். இன்றும் அது இயங்குகிறது. ஆங்கிலோ-கத்தோலிக்கருக்கும் இப்படி அமைப்புகள் உண்டு. ஆகவே ஒரு சேகரம் நூறு ஆண்டுகளாக ஒரே சாயலில் இருந்தால், காரணம் அங்கிருக்கும் மண்ணின் குணம் இல்லை, பத்திரப்பதிவு.

அண்மைக் காலத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கும் வட்டாரப் பயிற்சிகள் பெருகிவிட்டன. அங்கே மூன்று பாரம்பரியத்தாரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள்.

அந்நிய பாஷை பேசும் குருக்கள் மனநிலை தடுமாறியவர்களா?

அந்நிய பாஷை என்பது ஆவியின் ஏவுதல் என நம்பி, அறியாத மொழியில் ஜெபிப்பது. அதைப் பற்றி இப்படி ஒரு பழைய எண்ணம் உளவியலாளரிடையே இருந்தது. 2003-ல் பிரான்சிஸும் மேண்டி ராபின்ஸும் ஆண் இவாஞ்சலிக்கல் குருக்களிடம் அளந்து பார்த்தபோது எதிர்மாறாக வந்தது. அந்நிய பாஷை பேசுகிறவர்களிடம் புறமுகம் அதிகம், பதற்றத்துக்கான சாய்வு குறைவு. ஜஸ்டின் வெல்பி தலைமைப் பேராயராக இருந்தபோதே, தாம் அன்றாட ஜெபத்தில் அந்நிய பாஷையில் பேசுவதுண்டு என்று சாதாரணமாகச் சொன்னார்.

பெண் குருக்கள் வந்ததால் நம்பிக்கைகள் மாறினவா?

1992 நவம்பர் 11 அன்று சபையின் ஆட்சிமன்றமான பொதுச் சினாட்டில் பெண்களைக் குருக்களாக்கும் தீர்மானம் நிறைவேறியது. பேராயர், குருக்கள், சபையார் என்ற மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், சபையார் அவையில் இரண்டே ஓட்டில் தப்பியது. 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் முதல் 32 பெண்கள் அபிஷேகம் பெற்றார்கள். முதல் பெண் பேராயர் லிபி லேன், 2015.

இயல்பைப் பொறுத்தவரை ஆண் குருக்களும் பெண் குருக்களும் வெளியுலக ஆண்களையும் பெண்களையும்விட ஒருவருக்கொருவர் நெருக்கமானவர்கள். நம்பிக்கையில் மாற்றம் நேரடியாக வந்ததைவிட வெளியேற்றத்தால் வந்தது அதிகம் என்பது என் எண்ணம். ஏற்க முடியாத பழைமைவாத ஆங்கிலோ-கத்தோலிக்கர் நூற்றுக்கணக்கில் ரோமுக்குப் போனார்கள். மிஞ்சிய ஆங்கிலோ-கத்தோலிக்கத்தின் சராசரி தானாகவே தாராளப் பக்கம் நகர்ந்தது. யாரும் மனம் மாறாமலேயே ஒரு குழுவின் கருத்து மாறுவது இப்படித்தான்.

கடவுளையே நம்பாத குருக்கள் இருக்கிறார்களா?

மிகச் சிலர். 2014-ல் சமூகவியலாளர் லிண்டா உட்ஹெட் யூகவ் நிறுவனம் வழியாக நடத்திய கருத்துக்கணிப்பில், கடவுள் மனிதக் கற்பனை என்று சொன்ன குருக்கள் நூற்றுக்கு இருவர். ஆளுமையுள்ள, உறவாடும் கடவுளை நம்புவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல்.

அந்த இருவர்தான் செய்தித்தாளில் வருவார்கள் என்பது வேறு விஷயம். சசெக்ஸ் கிராமம் ஒன்றின் குரு ஆண்டனி ஃப்ரீமன், கடவுள் நமக்கு வெளியே இருக்கும் ஒருவர் அல்லர் என்று 1993-ல் புத்தகம் எழுதினார். ஆங்கிலோ-கத்தோலிக்கப் பேராயர் எரிக் கெம்ப் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

டர்ஹாம் பேராயர் டேவிட் ஜென்கின்ஸை இந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். உயிர்த்தெழுதல் எலும்புகளை வைத்துச் செய்த வெறும் கண்கட்டு வித்தை இல்லை, அதைவிடப் பெரியது என்றார். பத்திரிகைகள் "இல்லை" என்பதை விழுங்கிவிட்டன. 1984 ஜூலை 6 அன்று யார்க் பேராலயத்தில் அவருக்கு அபிஷேகம் நடந்தது, 9-ஆம் தேதி அதிகாலை அதே பேராலயத்தில் தீப்பற்றியது. மின்னல் என்றார்கள். கடவுளின் பதில் என்று சொன்னவர்களும் உண்டு. குறி மூன்று நாள் தவறியதே என்று கேட்டவர்களும் உண்டு.

ஓரினத் திருமணம் பற்றி?

2023-ல் டைம்ஸ் நாளிதழ் பணியிலிருக்கும் சுமார் 1,200 குருக்களிடம் கேட்டது. ஆலயத்தில் ஓரினத் திருமணத்தை அனுமதிக்கலாம் என்றவர்கள் 53 சதவீதம். 2014-ல் உட்ஹெட் கேட்டபோது எதிர்த்தவர்களே அதிகம். ஒன்பது ஆண்டில் யாருடைய உளவகையும் மாறியிருக்காது. புதியவர்கள் வந்தார்கள், பழையவர்கள் ஓய்வு பெற்றார்கள், நாட்டின் சட்டமும் பேச்சும் மாறின. ஆளுமையை வைத்தே எல்லாவற்றையும் விளக்க நினைப்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

இந்த உளவகைக் கேள்வித்தாள்களையே பல உளவியலாளர் ஏற்பதில்லையே?

நியாயமான குறை. மனிதர்களை இரண்டு பெட்டியில் பிரிப்பது செயற்கையானது, பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு வேறு வகை வருகிறது. பல்கலைக்கழக உளவியலில் இன்று ஐம்பெரும் பண்புகள் என்ற அளவீட்டுக்கே மதிப்பு. பிரான்சிஸும் வில்லேஜும் பெட்டிகளை மட்டும் நம்பாமல் தொடர் மதிப்பெண்களையும் பயன்படுத்துவது ஓரளவு ஈடுகட்டுகிறது. ஐம்பெரும் பண்புகளில் புதுமைக்குத் திறந்திருத்தல் என்பதும் யுங்கின் உள்ளுணர்வும் பெருமளவு ஒத்துப்போகின்றன. ஆகவே முக்கியமான கண்டுபிடிப்பு பெயர் மாறினாலும் நிற்கும்.

எனக்குள்ள மனக்குறை வேறு. இங்கிலாந்தில் தியான முகாம்களில் இது ஒரு காலத்தில் ஜாதகம்போலப் பரவியது. "நான் இந்த வகை, அதனால் எனக்குச் சங்கீதம் ஒத்துவராது" என்ற பேச்சு கேட்கச் சகிக்காது.

தமிழ்ச் சபைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு. ஆங்கிலிக்கன் பாரம்பரியங்கள் நமக்கு இரண்டு மிஷனரிச் சங்கங்கள் வழியாக வந்தன. 1701-ல் தொடங்கிய எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) சடங்கையும் பேராயர் அதிகாரத்தையும் உயர்த்திப் பிடிக்கும் உயர்சபைச் சாயல் கொண்டது. 1799-ல் தொடங்கிய சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) இவாஞ்சலிக்கல்களின் பிள்ளை. திருநெல்வேலியில் நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. வட்டாரம். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். வட்டாரம். ஒருவர் எந்தச் சாயலில் ஜெபிப்பார் என்பதைப் பல குடும்பங்களில் தீர்மானித்தது அவர்கள் ஊருக்கு எந்தச் சங்கம் முதலில் வந்தது என்பதுதான். உளவகை பார்த்து யாரும் ஊரில் பிறப்பதில்லை. 1877-ல் இரு பக்கத்துக்கும் ஒவ்வொருவராக, கால்டுவெல்லையும் சார்ஜென்டையும் கல்கத்தாவில் ஒரே நாளில் துணைப் பேராயர்களாக அபிஷேகம் செய்ய வேண்டியிருந்தது.

இலங்கையில் இது முற்றி வெடித்தது. இளம் உயர்சபைப் பேராயர் ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன் 1876-ல் சி.எம்.எஸ். ஊழியர்களின் உரிமங்களைத் திரும்பப் பெற்றார். தோட்டத் தொழிலாளரிடையே நடந்த தமிழ் ஊழியம் யாருடைய அதிகாரத்தின் கீழ் வரும் என்பதும் அந்தச் சண்டையில் ஒரு முடிச்சு. பிறகு சமரசம் ஆனது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, பேராயர் கைவைக்காத மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் போதகர்கள் மறு அபிஷேகம் இல்லாமலேயே குருக்களாக ஏற்கப்பட்டார்கள். இங்கிலாந்து ஆங்கிலோ-கத்தோலிக்கர் துடித்துப் போனார்கள். கவிஞர் டி. எஸ். எலியட் 1943-லேயே இதற்கு எதிராகத் துண்டு நூல் எழுதியிருந்தார். ஆந்திரத்தின் நந்தியால் பகுதியில் எஸ்.பி.ஜி. வழி வந்த சபையார் பலர் சேர மறுத்து வெளியே நின்றார்கள்.

எங்கள் திருமண்டலத்தில் குருத்துவ மாணவர் தேர்வுக்கு இந்தக் கேள்வித்தாளை வைக்கலாமா?

வைக்கக்கூடாது. ஆள் தேர்வுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. எந்த வகையும் குருத்துவத்துக்குத் தகுதிக்குறைவு இல்லை. பயிற்சிக் காலத்தில் பயன்படுத்தலாம். மேலே மாற்கு 6-ல் பார்த்த நாலு வாசிப்பும் பிரான்சிஸ் வகுத்த பிரசங்க முறையின்படி அமைந்தவைதான்: விவரம், சாத்தியம், மனிதர், நியாயம் என்ற நான்கு பக்கமும் ஒரே வேதப்பகுதியை அணுகிப் பிரசங்கம் தயாரிப்பது. ஒவ்வொரு மாணவருக்கும் இதில் ஒரு பக்கம் கைவராது. அந்தப் பக்கத்தை மட்டும் வைத்து அடுத்த ஞாயிறு பிரசங்கிக்கச் சொல்லுங்கள்.